ஏவலும் வியங்கோளும்: ‘ஹௌலின் நகரும் கோட்டை’ புதினமும் அதன் திரைத்தழுவலும்

ஆய்வுச்சுருக்கம்

டயானா வின் ஜோன்ஸ் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஹௌலின் நகரும் கோட்டை’ என்னும் ஆங்கிலப் புதினத்தையும், அதனைத் தழுவி ஹயாவோ மியாசாகி 2004ஆம் ஆண்டு இயக்கிய ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படத்தையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. புதினத்தில் தலைவியின் ஆற்றல் அவள் வாய்ச்சொல்லில் உள்ளது. படத்தில் அவ்வாற்றல் அவள் முகத்துக்கும் அன்புக்கும் இடம்பெயர்கிறது. இந்த இடப்பெயர்ச்சியால் படம் பெற்றவையும் இழந்தவையும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டயானா வின் ஜோன்ஸ், மியாசாகி, மிகுபுனைவு, தழுவல், மந்திரம், வியங்கோள், மூப்பு

முன்னுரை

ஆங்கில வாசகரிடையே அண்மையில் ‘கோஸி ஃபேண்டஸி’ என்றொரு வகைப்பெயர் பரவியுள்ளது. உலகைக் காக்கும் பெரும்போரோ அரியணைக்கான குருதிப் பூசலோ இன்றி, அடுப்பங்கரை, கடைத்தெரு, நட்பு, சிற்றுண்டி என்பனவற்றைச் சுற்றி இயங்கும் மாயக்கதைகளை அப்பெயர் குறிக்கும். டிராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ (2022) பெற்ற வரவேற்புக்குப் பின்னரே இது பெருவழக்காயிற்று எனலாம். இக்கட்டுரை இதனை ‘இதப்புனைவு’ என வழங்குகிறது. பெயர் புதிது, வகை பழையது. ஜோன்ஸின் (1934–2011) புதினத்தை இன்றைய வாசகர் பலர் இவ்வகையின் முன்னோடியாகவே படிக்கின்றனர்.

அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆயினும் ‘இதம்’ என்ற சொல் ஆய்வாளரைச் சற்றே சோம்பலுறச் செய்துவிடுகிறது. இதமளிக்கும் நூலில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம் எழுகிறது. மியாசாகியின் படமோ போரைப் பேசுகிறது. ஆகவே அது கனமானது, மூலநூல் இலேசானது என்றொரு மதிப்பீடும் எளிதில் உருவாகிவிடுகிறது. இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் கருத்து. புதினத்தின் வேடிக்கைக்கு அடியில் மொழி பற்றிய கண்டிப்பான ஒரு சிந்தனை ஓடுகிறது. படம் அதனைத் தொடவில்லை. தொடாமல் விட்டதனாலேயே அது வேறொன்றைச் சாதித்தது.

மூத்தவளின் விதி

மாயக்காலணிகளும் மறைப்பாடைகளும் உண்மையிலேயே புழங்கும் இங்கரி என்னும் நாட்டில், மூவரில் மூத்தவராய்ப் பிறப்பது கெடுவாய்ப்பு. மூவரும் வாழ்வு தேடிப் புறப்பட்டால் முதலில் தோற்பவரும் மிக மோசமாகத் தோற்பவரும் மூத்தவரே என்பது அந்நாட்டார் யாவரும் அறிந்த செய்தி. நாட்டார் கதைகளில் கடைக்குட்டியே வெல்வது மரபு. அம்மரபை இங்கரி மக்கள் இயற்கை விதியாகவே ஏற்றுக்கொண்டுள்ளனர். தொப்பிக் கடைக்காரரின் மூத்த மகள் சோஃபியும் அதனை ஐயுறவில்லை. தங்கையருக்கு வழிவிட்டுக் கடையின் பின்கட்டில் அமர்ந்து தொப்பிகளுக்கு அலங்காரம் தைக்கிறாள். (ஜோன்ஸும் மூன்று சகோதரியருள் மூத்தவர். இதனை வாழ்க்கை வரலாற்றுச் சான்றாகப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. நகைச்சுவையின் உறைப்பு எங்கிருந்து வந்தது என்பதை உணர அது போதும்.)

தங்கையர் இருவரும் இவ்விதிக்கு அடங்கியவர்கள் அல்லர். அடுமனைக்கு அனுப்பப்பட்ட லெட்டி மாயவித்தை கற்க விரும்புகிறாள். சூனியக்காரியிடம் பயில அனுப்பப்பட்ட மார்த்தா மணம் முடித்துப் பல பிள்ளைகள் பெற விரும்புகிறாள். இருவரும் உருமாற்ற மந்திரத்தால் இடம் மாறிக்கொள்கின்றனர். தனக்கென எழுதப்பட்ட கதையை நம்பி ஏமாந்தவள் சோஃபி ஒருத்தியே. பாழ்நிலச் சூனியக்காரி கடைக்கு வந்து அவளைக் கிழவியாக்கும்போது அந்த ஏமாற்றம் உடல் வடிவம் பெறுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரலுக்குரிய நான்கு நிலைக்களன்களுள் மூப்பை முதலில் வைக்கிறது. ஜோன்ஸ் அந்த எதிர்பார்ப்பைக் கவிழ்த்துவிடுகிறார். மே நாள் திருவிழாக் கூட்டத்தில் ஓர் இளைஞன் பேச்சுக் கொடுத்ததற்கே நடுங்கியவள், முதுமை எய்தியதும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, தன் இயல்புக்கு இதுவே பொருத்தம் என்று அமைதி அடைகிறாள். இளம்பெண்களின் இதயத்தைத் தின்பவன் என அஞ்சப்பட்ட ஹௌலின் கோட்டைக்குள் அழையாமல் நுழைகிறாள். அடுப்பருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறாள். மறுநாள் கேட்பாரின்றி வீட்டைத் துப்புரவு செய்யத் தொடங்குகிறாள். இளிவரலுக்குரிய மூப்பு இங்கு நகைக்கும் பெருமிதத்துக்கும் நிலைக்களனாகிறது. வயதானவர் எதையும் பேசலாம் என்ற உரிமை அவளுக்குக் கிட்டுகிறது.

தொப்பியோடு பேசியவள்

பேச்சுத்தான் புதினத்தின் மையம். பின்கட்டில் தனிமையில் இருக்கும் சோஃபி, பேச்சுத்துணை இன்றித் தொப்பிகளோடு பேசுகிறாள். ஒரு தொப்பியிடம் உன்னை அணிபவள் செல்வனை மணப்பாள் என்கிறாள். மற்றொன்றிடம் உயர்குடியினன் ஒருவன் உன் நல்லுள்ளம் கண்டு காதல் கொள்வான் என்கிறாள். அவள் சொன்னபடியே தொப்பி வாங்கியவர்களுக்கு நடக்கிறது. கடையில் கூட்டம் பெருகுகிறது. காரணம் யாருக்கும் தெரியாது, சோஃபிக்கும் தெரியாது. முதல்முறை படிக்கும் வாசகரும் கவனிக்கத் தவறும் அளவுக்கு ஜோன்ஸ் இதனைப் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார்.

பின்னர் இது தொடர்ந்து நிகழ்கிறது. புதரில் கிடந்த சோளக்கொல்லைப் பொம்மையை நிமிர்த்தி வைத்து ஆறுதல் கூறுகிறாள். அது உயிர்பெற்றுத் துள்ளித் துள்ளிப் பின்தொடர்கிறது. ஊன்றுகோலோடு ஓயாமல் பேசுகிறாள், அது மந்திரக்கோலாகிவிடுகிறது. ஹௌலின் மேலாடையைத் தைக்கும்போது பெண்களை மயக்கத்தான் நீ பிறந்தாய் என்று எரிச்சலோடு முணுமுணுக்கிறாள், அம்முணுமுணுப்பும் வீண்போவதில்லை. ஹௌலுக்கு வித்தை கற்பித்த முதிய ஆசிரியை திருமதி பென்ஸ்டெம்மன் கண்டவுடன் உண்மையைக் கூறிவிடுகிறார்: சோஃபி பொருள்களுக்கு உயிரூட்டும் ஆற்றல் உடைய சூனியக்காரி.

மந்திரம் என்பதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் தரும் இலக்கணத்தை இங்கு நினைவுகூர்வது பயனுடையது. நிறைமொழி மாந்தர் ஆணையாகக் கூறும் சொல்லே மந்திரம் என்பது அதன் கருத்து. சொல்பவரின் நிறைவு, சொல்லின் ஆணைத்தன்மை என்னும் இரண்டும் அதில் அடங்கியுள்ளன. ஜோன்ஸின் தலைவியிடம் இரண்டாவது உண்டு, முதலாவது பற்றிய தன்னுணர்வு இல்லை. தன்னை எக்காலத்தும் தோற்பவள் என்று கருதும் ஒருத்தியின் வாயில் ஆணைச்சொல் குடியிருக்கிறது. புதினத்தின் நகையும் துயரும் இம்முரணிலிருந்தே பிறக்கின்றன.

இதிலிருந்து ஒரு விளைவு எழுகிறது. அவள் சொல் பொருள்மீது பலிக்குமெனில், அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொற்களும் பலித்திருக்க வேண்டும். மூத்தவள் உருப்படமாட்டாள் என்று ஆண்டுக்கணக்கில் தனக்குத்தானே கூறிக்கொண்டவள் அவள். சாபத்தை அகற்றத் தான் மறைவாகப் பலமுறை முயன்றும் இயலவில்லை என்றும், அவளே அந்த வேடத்தை விரும்புகிறாள் போலும் என்றும் ஹௌல் பின்னர்க் கூறுவது இதற்குச் சான்றாகும். சூனியக்காரி தொடங்கிவைத்த மூப்பைச் சோஃபியின் சொல்லே தாங்கி நிற்கிறது. தன்னையே வைதுகொள்ளும் வாய் மந்திரம் உடையதானால் என்னவாகும் என்ற வினாவைச் சிறுவர்க்கான வேடிக்கைக் கதை ஒன்று இத்தனை துல்லியமாக எழுப்பியிருப்பது வியப்புக்குரியது.

கவிதை சாபமாதல்

சொல்லின் ஆற்றல் சோஃபியோடு நின்றுவிடவில்லை. கோட்டையின் கதவுக் குமிழைத் திருப்பினால் நான்கு இடங்கள் திறக்கும். கருநிறம் காட்டும்போது திறப்பது வேல்ஸ். ஹௌல் உண்மையில் ஹவல் ஜென்கின்ஸ் என்னும் வேல்ஸ்காரன். மந்திரங்களைப் பற்றி முனைவர்ப் பட்ட ஆய்வேடு எழுதியவன். பொறுப்பற்றவன் என்று கடிந்துகொள்ளும் அக்காள் மேகன் அங்கிருக்கிறாள். கணினி விளையாட்டில் மூழ்கிய மருமகன் நீல் இருக்கிறான். அவ்வீட்டுக்கு டோல்கீனின் கதையிலிருந்து எடுத்த ‘ரிவெண்டெல்’ என்ற பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனின் விரிவுரைகளைக் கேட்டவர் ஜோன்ஸ் என்பதை அறிந்தோர்க்கு இது தனிச்சுவை தரும்.

நீலின் பள்ளிப்பாடமான ஜான் டன் கவிதை ஒன்று தவறுதலாகக் கோட்டைக்குள் வந்து சேர்கிறது. விழும் விண்மீனைப் பிடித்தல் முதலாக இயலாதவற்றைச் செய்யுமாறு அடுக்கடுக்காகப் பணிக்கும் பாடல் அது. மாணவன் மைக்கேல் அதனைப் புதிய மந்திரச் செய்முறை என்று கருதிச் சதுப்புநிலத்தில் விண்மீனைத் துரத்துகிறான். இக்குழப்பம் வெறும் வேடிக்கைக்காக வைக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. மந்திரச் செய்முறையும் ஏவல் வினைகளால் ஆனது. டன்னின் பாடலும் ஏவல் வினைகளால் ஆனது. இலக்கண வடிவம் ஒன்றாக இருக்கும்போது மைக்கேல் இரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துவான்? அது மட்டுமன்றி, அப்பாடல் சூனியக்காரி ஹௌல்மீது ஏவிய சாபமாகவும் இருக்கிறது. அதன் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக நிறைவேறி வருகின்றன. ஓர் உலகில் வீட்டுப்பாடம், மற்றோர் உலகில் கொலைக்கருவி. இலக்கியம் கற்பிப்போர் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது.

மியாசாகியின் படத்தில் வேல்ஸ் இல்லை, டன் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும் படத்தில் இவற்றுக்கு இடமில்லை என்று சொல்லிவிடலாம். அது முழு விடையாகாது. கருநிறக் கதவைப் படம் வைத்திருக்கிறது. அது திறக்கும் இடத்தை மட்டுமே மாற்றியிருக்கிறது.

முகத்தில் எழுதப்பட்ட வயது

தழுவல் பற்றி எழுதிய லிண்டா ஹட்சன் (2006) சொல்லும் முறையிலிருந்து காட்டும் முறைக்குக் கதை நகரும்போது நேரும் மாற்றங்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்கு அந்நகர்வு வடிவத்தோடு நிற்காமல் கதைப்பொருளையே மாற்றிவிடுகிறது. சொல்லால் நிகழ்ந்த மாயம் படத்தில் முகத்தால் நிகழ்கிறது. சோஃபியின் வயது காட்சிக்குக் காட்சி, சில வேளைகளில் ஒரே காட்சிக்குள்ளும் ஏறி இறங்குகிறது. உறங்கும்போது இளையவள். அரச மாயக்காரி சுலிமானின் முன் ஹௌலுக்காக வாதிடும்போது முதுகு நிமிர்ந்து, சுருக்கம் மறைந்து, குரல் தெளிகிறது. மலர்வெளியில் இளமையோடு நிற்பவள், துப்புரவு செய்வதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாதவள் தான் என்று சொன்ன மாத்திரத்தில் மீண்டும் கிழவியாகிறாள். இளமைக்கும் முதுமைக்கும் சியெகோ பைஷோ ஒருவரே குரல் கொடுத்துள்ளார். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். முகம் மாறக் குரல் தொடர்வதால் இருவரும் ஒருத்தியே என்னும் உணர்வு பார்வையாளரிடம் அறுபடுவதில்லை.

புதினம் பல இயல்களில் மறைத்துவைத்து இறுதியில் வெளிப்படுத்தும் உண்மையை, சாபத்தைத் தாங்குபவள் சோஃபியே என்பதை, படம் விளக்கம் ஏதுமின்றிக் கண்முன் காட்டிவிடுகிறது. திரைமொழியின் வெற்றி என்று இதனைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் காரணம் மாறிவிட்டது. தங்கையர் கதை படத்தில் ஏறத்தாழ இல்லை. லெட்டி ஒரே காட்சியில் வருகிறாள், மார்த்தா பெயரளவில் குறிக்கப்படுகிறாள். மூத்தவள் தோற்பாள் என்ற கதைமரபு போனபின் சோஃபியின் தாழ்வுணர்ச்சிக்கு வேறொரு காரணம் வேண்டும். அழகு அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலைமயிரின் நிறம் கெட்டதற்காக ஹௌல் பச்சைக் குழம்பாய் உருகும் காட்சி இரண்டு வடிவங்களிலும் உண்டு. புதினத்தில் சோஃபி எரிச்சலோடு அவனைக் குளியலறைக்கு இழுத்துச் செல்கிறாள். படத்தில் அவள் மழையில் ஓடிச்சென்று, தான் ஒருபோதும் அழகாய் இருந்ததில்லை என்று கதறுகிறாள். கதையால் காயப்பட்டவள் கண்ணாடியால் காயப்பட்டவளாகிறாள். காட்சிக்கலைக்கு இரண்டாவது எளிது. பெண்ணின் துயரை அழகின்மையாகச் சுருக்குவது எத்தனை பழகிய வழி என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

படத்தின் மிகச் சிறந்த பகுதி வேறிடத்தில் உள்ளது. அரண்மனைப் படிக்கட்டில் சோஃபியும் அவளைச் சபித்த சூனியக்காரியும் ஒருசேர ஏறுகின்றனர். ஒருத்தி மூச்சுவாங்கும் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். மற்றவள் வியர்த்து, தளர்ந்து, தன் பருத்த உடலைப் படிபடியாக இழுத்து ஏறுகிறாள். உரையாடல் சில சொற்களே. பகைவர் இருவரையும் முழங்கால் வலி ஒன்றாக்குகிறது. மேலே சென்றபின் சுலிமான் சூனியக்காரியின் ஆற்றலைப் பறித்து உண்மையான மூப்புக்கு அவளைத் தள்ள, சோஃபி அவளைத் தன்னோடு அழைத்து வந்து சோறூட்டுகிறாள். புதினத்தில் சூனியக்காரி கொல்லப்படுகிறாள். அவள்மீது ஜோன்ஸ் இரக்கம் காட்டவில்லை. மூப்பை ஒரு வேடமாகவே கையாண்ட புதினத்துக்கு, கழற்ற முடியாத மூப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அக்குறையை மியாசாகி நிரப்பியுள்ளார்.

கருநிறக் கதவுக்கு அப்பால்

படத்தில் அக்கதவு திறப்பது எரியும் நிலத்தை நோக்கி. ஹௌல் பறவையுருக் கொண்டு குண்டுவீச்சு விமானங்களிடையே பறந்து, திரும்பும் ஒவ்வொரு முறையும் மனித வடிவை மீட்க இயலாமல் தவிக்கிறான். புதினத்தில் அண்டை நாடுகளோடு போர் மூளக்கூடும் என்ற குறிப்பு மட்டுமே உண்டு; மியாசாகி அதனைப் படத்தின் முதுகெலும்பாக்கினார். 2003இல் தொடங்கிய ஈராக் போர் இப்படத்தைப் பாதித்தது என்று அவரே கூறியுள்ளார்.

இருவரும் இரண்டாம் உலகப் போர்க்காலக் குழந்தைகள். ஐந்து வயதில் ஜோன்ஸ் வேல்ஸில் இருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1941இல் பிறந்த மியாசாகியின் குடும்பத் தொழிற்கூடம் போர்விமான உறுப்புகள் செய்தது. உட்சுனொமியா நகரம் எரிந்ததை அவர் சிறுவயதில் கண்டார். தாம் போரை நேரடியாகக் காட்டாமல் விடுவதாகவும், மியாசாகியோ அதன் கொடுமையையும் குண்டுவீச்சின் கண்கவர் காட்சியையும் ஒருசேர வைத்துக்கொள்வதாகவும் ஜோன்ஸ் ஒரு நேர்காணலில் நகையோடு குறிப்பிட்டார். படத்தை விரும்பிய ஒருவர் சொன்னது என்பதால் இக்கூற்றின் கூர்மை கூடுகிறது. விமானங்களை வெறுக்கும் படம் விமானங்களை எத்தனை காதலோடு வரைகிறது என்பதைப் பார்த்தோர் அறிவர்.

கருநிறக் கதவு இரண்டிலும் நம் உலகையே திறக்கிறது என்று கொண்டால் ஒப்பீடு தெளிவடையும். ஜோன்ஸுக்கு நம் உலகம் என்பது தொலைக்காட்சியும் வீட்டுப்பாடமும் சகோதரச் சச்சரவும். மியாசாகிக்கு அது எரியும் நகரம். இதனால் ‘வீடு’ என்பதன் பொருளும் வேறாகிறது. புதினத்தின் கோட்டை சண்டையிடும் இடம்; அங்கு எல்லாரும் எல்லாருடனும் ஓயாமல் வாதிடுகின்றனர். படத்தின் கோட்டை அடைக்கலம் புகும் இடம். பன்றி இறைச்சியும் முட்டையும் வறுபடும் காலையுணவுக் காட்சி அத்தனை இதமாக இருப்பதற்கு வெளியே குண்டு விழுவதும் ஒரு காரணம். இதப்புனைவு என்ற பெயர் இவ்வகையில் புதினத்தைவிடப் படத்துக்கே கூடுதலாகப் பொருந்தும்.

ஆயிரம் ஆண்டுகள்

இறுதிக்காட்சியில் ஒரு சொற்றொடர் இரண்டு வடிவங்களுக்கும் பொதுவாக அமைந்துள்ளது. நெருப்புப் பூதமான கால்சிஃபர் விழுந்த விண்மீன். ஹௌலின் இதயத்தைப் பெற்று உயிர்வாழ்கிறான். இதயத்தை மீட்டால் பூதம் மாயும். பொருள்களுக்கு உயிரூட்டிப் பேசும் ஆற்றல் அவளுக்கு உண்டு என்று கண்டே உடன்படிக்கையை முறிக்கும் பணியை அவளிடம் ஒப்படைத்ததாகப் புதினத்தில் கால்சிஃபர் கூறுகிறான். இன்னும் ஆயிரம் ஆண்டுகள் வாழ் என்று சோஃபி அவனுக்குக் கட்டளையிடுகிறாள். சொல் மட்டும் போதாதோ என்ற ஐயத்தில் மனத்தையும் அதில் ஊன்றுகிறாள். அறியாமல் தொப்பிகளோடு பேசியவள் முதன்முறையாகத் தன் ஆற்றலை உயிர்காக்க அறிந்தே பயன்படுத்தும் தருணம் அது. நிறைமொழி என்பது அவளுக்கு இங்குத்தான் வாய்க்கிறது.

படத்திலும் ஆயிரம் ஆண்டுகள் வருகின்றன. ஜப்பானிய மூலத்தில் அத்தொடர் வேண்டுதல் வடிவில் அமைந்துள்ளது: கால்சிஃபர் ஆயிரம் ஆண்டு வாழ்க, ஹௌல் தன் இதயத்தைப் பெறுக என்பது அதன் பொருள். நம் இலக்கண நூலார் கூறும் வேண்டற்பொருள் வியங்கோள் இதற்கு மிக நெருக்கமானது. புதினத்தில் ஏவல், படத்தில் வியங்கோள். ஏவலுக்கு ஆற்றல் ஏவுபவரிடம் உண்டு. வேண்டுதலுக்கு ஆற்றல் வேறெங்கோ உண்டு, வேண்டுபவர் அதன்முன் பணிந்து நிற்கிறார். படத்தின் சோஃபி கையில் துடிக்கும் நெருப்பை ஏந்தி, கண்மூடி வேண்டுகிறாள். அவளிடம் இருப்பது அன்பு. அக்காட்சி உருக்கமானது. ஆனால் தன் தொழிலைக் கற்றுத் தேர்ந்த ஒரு பெண் அங்கு இல்லை. தொப்பி தைத்தவளின் ஆற்றல் என்ற ஒன்று இருந்ததே படத்தை மட்டும் பார்த்தவருக்குத் தெரியவராது.

இவ்வேறுபாட்டை முன்வைத்து மியாசாகியைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. போரின் நடுவே நிற்கும் கதையில் கட்டளைச் சொல் ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. அங்குக் கட்டளை இடுவோர் அரசரும் சுலிமானுமே. அத்தகைய உலகில் தலைவி ஏவாமல் வேண்டுவது பொருந்தும். சந்தைத் தெருவும் பின்கட்டுமாகிய ஜோன்ஸின் உலகிலோ, வாய்மூடி இருக்கப் பழக்கப்பட்ட மூத்தமகள் ஒருத்தி உரக்க ஆணையிடுவது அடைய வேண்டிய ஒன்று.

விடுதலை பெற்ற கால்சிஃபர் இரண்டிலும் பறந்து சென்று, பின் தானாகத் திரும்பி வருகிறான். புதினத்தில் அவன் கூறும் காரணம், விரும்பியபோது போய்வரலாம் என்றால் இருப்பதில் தடையில்லை என்பது. தவிரவும் வெளியே மழை பெய்கிறது.